ஓவியத்திலிருந்து பிறக்கும் இசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியங்களின் தூண்டுதலால் உருவாகும் புதிய இசையைப் பற்றி எழுதும்போது, இசையமைப்பாளரின் பெயரோடு நின்றுவிடாமல், அவரோடு சேர்ந்து உழைக்கும் வாத்தியக் கலைஞர்களின் பங்கையும் நாளிதழ்கள் எடுத்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம் நண்பரும் ஓவியருமான விக்டர் ஹார்ட்மன் 1873-இல் மறைந்தபின், அவருடைய படைப்புகளின் நினைவுக் கண்காட்சியைக் கண்டு, ருஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்காக ஒரு தொடர் படைப்பை எழுதினார். 1922-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் அதை இசைக்குழுவுக்கு மாற்றியமைத்தபோது, பழைய கோட்டையைப் பற்றிய பகுதியின் மெட்டை சாக்ஸபோனுக்குக் கொடுத்தார். கோட்டையின் தனிமைக்கு அந்த வாத்தியத்தின் குரலே புதிய நிறம் தந்தது.

ஓவியம் முழுவதும் ஒரே பார்வையில் கண்முன் நிற்கிறது, இசையோ காலத்தில் நகர்கிறது என்பதால், கண் எந்த மூலையில் தொடங்கி எங்கே தங்க வேண்டும் என்பதை இசையமைப்பாளர் தீர்மானிக்கிறார். ஆனால், தடித்துப் பூசிய வண்ணத்தின் சொரசொரப்பு வயலினில் கேட்க வேண்டுமானால், தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரைக்கு மிக அருகில் வில்லை இழுத்துக் காட்டி, "இது போதுமா, இன்னும் கரகரப்பு வேண்டுமா?" என்று கேட்பவர் வாசிப்பவர்தான். இந்தப் பேச்சுவார்த்தையில்தான், என் கணிப்பில், படைப்பின் பெரும்பகுதி உருப்பெறுகிறது.

எனவே, இத்தகைய நிகழ்ச்சிகளின் விமர்சனத்தோடு மூல ஓவியத்தின் படத்தையும், வாசித்த அனைவரின் பெயர்களையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இசை ஆர்வமுள்ள வாசகர்