காட்டு இறைச்சியும் கண்ணுக்குத் தெரியாத நோய்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டு விலங்கின் இறைச்சி இயற்கையானது, ஆகவே உடலுக்கு நல்லது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருப்பது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. பண்ணை விலங்குகளுக்கு உள்ள தடுப்பூசியோ, கால்நடை மருத்துவரின் சோதனையோ இந்த இறைச்சிக்குப் பெரும்பாலும் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நன்றாக வேகவைத்தால் போதும் என்பார்கள். அது பாதி உண்மைதான். காட்டுப்பன்றி, கரடி ஆகியவற்றின் தசையில் தங்கும் டிரிக்கினெல்லா புழுக்களின் இளம் உயிரிகள் முழுமையாக வெந்தால் இறந்துவிடும். ஆனால் குளிரைத் தாங்கும் அதன் சில வகைகள் உறைபெட்டியில் மாதக்கணக்கில் வைத்தாலும் சாவதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, இறைச்சி அடுப்புக்கு வருவதற்கு முன்பே, தோலுரித்து வெட்டுபவரின் கையில் உள்ள சிறு கீறல் வழியாக விலங்கின் இரத்தம் உடலுக்குள் செல்லும்போதே நேர்ந்துவிடுகிறது. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி, மத்திய ஆப்பிரிக்காவில் சிம்பன்சிகளை வேட்டையாடி வெட்டியவர்கள் வழியாகவே மனிதரிடம் பரவியிருக்க வேண்டும் என்பது அறிவியலாளர்களின் கருத்து. 2002-ஆம் ஆண்டு இறுதியில் சீனாவில் தோன்றிய சார்ஸ் நோய், சந்தைகளில் விற்கப்பட்ட புனுகுப்பூனைகளோடு தொடர்புபடுத்தப்பட்டது. அந்நோய் எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான உயிர்களைப் பறித்தது.

துப்பாக்கியால் சுடப்பட்ட விலங்கின் தசையில் சிதறும் ஈயத் துகள்களோ எந்தச் சமையலுக்கும் அழியாதவை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அவை பாதிக்கின்றன.

வேட்டை இறைச்சியை விருந்தாகக் காட்டும் காணொளிகள் பெருகிவரும் நிலையில், இந்த அபாயங்களைத் தங்கள் நாளிதழ் மருத்துவர்களைக் கொண்டு விரிவாக எழுதச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்