தானாக முளைத்ததை எல்லாம் பிடுங்க வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்குப் பிறகு தானாக முளைக்கும் எதையும் விட்டுவைக்காமல் வேரோடு பிடுங்கிவிடும்படி சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதில் பாதிதான் எனக்குச் சம்மதம்.

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில். மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துவிட்டால், மல்லிகைப் பந்தலடியில் தும்பை, பூளை, வெட்டுக்காயப் பூண்டு, குப்பைமேனி என்று யாரும் விதைக்காதவை எல்லாம் வந்து நிற்கும். வெயில் ஏறும் நேரத்தில் தும்பைப் பக்கம் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். தேனீ கீழிதழில் இறங்கித் தலையை உள்ளே நுழைக்கும். மேலே கவிந்திருக்கும் மயிரடர்ந்த இதழ் அதன் முதுகில் மகரந்தத்தைத் தடவிவிடும். வெட்டுக்காயப் பூண்டின் பூவில் சட்டைப் பொத்தான் அளவே உள்ள நீலப் பட்டாம்பூச்சிகள் வந்து உட்காரும். நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய அடுக்குச் செம்பருத்திப் பக்கம் அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பூளையின் கதை இன்னும் வேடிக்கை. மார்கழி முழுக்கக் களை என்று பிடுங்கி எறிகிறோம். போகியன்று காப்புக் கட்ட வேண்டுமே என்று அதையே ஆவாரம்பூ, வேப்பிலையோடு சேர்த்துப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேரம் பேசி வாங்கி வருகிறோம்!

சரி, எதை விடுவது, எதை எடுப்பது? நாட்டுச் செடி, வெளிநாட்டுச் செடி என்று பிரித்தால் தீராது. வெட்டுக்காயப் பூண்டே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நான் பார்ப்பது, அதன் விதை எங்கே போகிறது, போன இடத்தில் என்ன செய்கிறது என்பதை. தும்பை விதை பெரும்பாலும் காலடியிலேயே விழும்; அதிகமானால் ஈர மண்ணில் ஒரு இழுப்பில் வந்துவிடும். பட்டாசுக்காய்ச் செடியின் காய் நனைந்ததும் வெடித்து, விதை நாலு அடி தள்ளித் தெறிக்கும். கிழங்கு வேர் என்பதால் பிடுங்குவது கஷ்டம், ஆனாலும் ஊதாப் பூவுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் மதிலோரம் விட்டிருக்கிறேன்.

பார்த்தீனியம் அப்படியில்லை. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அது காற்றிலும் மழைத் தண்ணீரிலும் தெரு முழுக்கப் போகும். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் நம் வீட்டோடு நிற்காது. உண்ணிச்செடி அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதன் பழத்தைச் சின்னானும் மைனாவும் தின்றுவிட்டு விதையை மலைச்சரிவில் போடும். அங்கே புதராக மண்டி, கீழே வேறெதையும் முளைக்க விடாது. அடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பொறுப்பு கூடுதல். கலர் கலராகப் பூக்கிறதே என்று இரக்கப்படக் கூடாது.

'காடு மாதிரி விட்டால் கொசு வரும்' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். செடிக்குள் கொசு ஒதுங்கும்தான். ஆனால் டெங்கு கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். முதலில் பூந்தொட்டித் தட்டையும் மாடியில் கிடக்கும் பழைய டயரையும் கவிழ்க்க வேண்டும். பாம்பு பயம் நியாயமானது. அதனால் வாசலும் நடைபாதையும் எங்கள் வீட்டில் எப்போதும் வெட்டவெளிதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பார்த்தீனியம் பற்றி எழுதும்போதெல்லாம் வெள்ளைப் பூ பூத்த படத்தையே போடுகிறீர்கள். அதற்குள் காரியம் கைமீறிவிடும். தரையோடு படர்ந்து, கேரட் இலை போல இருக்கும் இளஞ்செடியின் படத்தை ஒருமுறை பெரிதாகப் போடுங்கள். பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்க வேண்டும் என்பதையும் கீழே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.