புறப்படும் பையில் பூனைக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வன்முறை நடக்கும் வீட்டிலிருந்து பாதுகாப்பாக வெளியேறுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பணம், அடையாளச் சான்றுகள், மாற்றுச் சாவி, பிள்ளைகளின் பள்ளிக் காகிதங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரே வரி: ‘நம்பிக்கையானவரிடம் ஒப்படைத்துவிடலாம்.’ அந்த ஒரு வரியை நம்பிக் கிளம்பினால் பாதி வழியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கொடுமை செய்பவருக்கு அந்த வாயில்லா ஜீவன் ஒரு பிணைக்கைதி. ‘நீ படி தாண்டினால் இது உயிரோடு இருக்காது’ என்று ஒருமுறை சொன்னாலே ஆளை மாதக்கணக்கில் கட்டிப்போட்டுவிடலாம். 1998-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெண்கள் காப்பகம் ஒன்றில் 38 பேரிடம் உளவியலாளர் ஃபிராங்க் அசியோன் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. செல்லப்பிராணி வைத்திருந்தவர்களில் 71 சதவீதத்தினர், துணைவர் அதற்குத் தீங்கு செய்வதாக மிரட்டினார், அல்லது காயப்படுத்தினார், கொன்றார் என்று சொன்னார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் தள்ளிவிடக்கூடிய எண் அல்ல.

முதல் வேலை காகிதம். பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் வளர்ப்புப் பிராணி ஓர் உடைமை, மேசை நாற்காலி மாதிரி. யார் தீனி வைத்தார்கள், யார் குளிப்பாட்டினார்கள் என்பதற்கு முன்னால் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்றே பார்ப்பார்கள். தத்தெடுத்த சான்று, உரிமம், தடுப்பூசி அட்டை, மருத்துவ ரசீது ஆகியவற்றில் வெளியேறுபவரின் பெயர் இருப்பது நல்லது. இல்லையென்றால் அடுத்த தடுப்பூசிக்குத் தானே கூட்டிப்போய், தன் பெயரில், தன் கணக்கிலிருந்து கட்டணம் செலுத்தத் தொடங்கலாம். மூலக் காகிதங்களை முன்கூட்டியே எடுத்தால் சந்தேகம் வரும். படமெடுத்து, அந்த நபருக்குத் தெரியாத மின்னஞ்சலுக்கு அனுப்பி, அனுப்பிய தடத்தை ஃபோனிலிருந்து நீக்கிவிட வேண்டும். பிராணிக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் மருத்துவர் தேதியோடு எழுதித்தரும் குறிப்பையும் வாங்கி வையுங்கள். பின்னால் வழக்கென்று வரும்போது அது பேசும்.

மைக்ரோசிப்பைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. அது இருக்குமிடத்தைக் காட்டாது. தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசிமணி அளவில் கிடக்கும் அந்தச் சில்லு, ஸ்கேனரை அருகில் பிடித்தால் பெரும்பாலும் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். ஆபத்து அந்த எண்ணுக்குரிய பதிவேட்டில் இருக்கிறது. புது ஊரில் நாய் தொலைந்து, யாரோ கண்டெடுத்து, மருத்துவமனையில் ஸ்கேன் செய்தால் பதிவேட்டில் யார் எண் இருக்கிறதோ அவருடைய ஃபோன்தான் மணி அடிக்கும். கழுத்துப்பட்டையில் தொங்கும் பழைய பெயர்த்தகடும் இதே வேலையைச் செய்யும். ஆகவே பதிவேட்டை மாற்றத்தான் வேண்டும்; எப்போது மாற்றுவது என்பதில் கவனம் தேவை. சில பதிவேடுகள் உரிமையாளர் பெயரை மாற்றக் கேட்டவுடன் பழைய பெயருக்குரியவருக்குச் செய்தி அனுப்பி ஒப்புதல் கேட்கும். சிப் அந்த நபரின் பெயரில் இருந்தால், வீட்டுக்குள் இருந்துகொண்டு மாற்ற முயலக் கூடாது. வெளியேறிய பிறகு, வழக்கறிஞர் அல்லது மருத்துவர் மூலமாகச் செய்யலாம். தன் பெயரில் இருந்தால் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு, புதிய ஃபோன் எண்ணைக் கிளம்பிய அன்று பதியலாம்.

உண்மையிலேயே இருக்குமிடத்தைக் காட்டுபவை ஜிபிஎஸ் பட்டையும், பட்டையில் மாட்டும் சிறு புளூடூத் வில்லையும். இவற்றை முந்தைய நாளே கழற்றினால் கொடுமை செய்பவரின் ஃபோனுக்குத் தகவல் போகலாம். கிளம்பும் நிமிடத்தில் பட்டையோடு கழற்றி வீட்டிலேயே போட்டுவிட்டு, வேறு பட்டையை மாட்டுங்கள். பழைய பட்டையின் தையலுக்குள்கூட ஒளித்திருக்கலாம் என்பதால் அதை எடுத்துப்போகவே வேண்டாம். பிராணியைப் பார்க்க வைத்த கேமரா, ஃபோனில் இயங்கும் தீனிப்பெட்டி ஆகியவற்றின் கணக்கு யார் கையில் என்பதையும் யோசியுங்கள். பெட்டியில் பூனையை அடைக்கும் காட்சியை அவர் அலுவலகத்திலிருந்தே பார்த்துவிட முடியும்.

எங்கே கொண்டுபோவது? பல காப்பகங்கள் பிராணிகளைச் சேர்ப்பதில்லை. சில, விலங்கு நல அமைப்புகளோடு சேர்ந்து தற்காலிக வளர்ப்பு வீடுகளை ஏற்பாடு செய்கின்றன. முதல் அழைப்பிலேயே ‘என்னுடன் ஒரு நாய் இருக்கிறது’ என்று சொல்லிவிட வேண்டும். பூச்சிமருந்து போட்டதற்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கும் சான்று கேட்பார்கள். முதல் முறை போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பல நாடுகளில் 21 நாள் கழிந்த பிறகே செல்லுபடியாகக் கொள்கிறார்கள். கிளம்பும் வாரத்தில் போய் ஊசி போட்டுப் பயனில்லை. இருவருக்கும் தெரிந்த நண்பர் வீடு வேண்டாம். கொடுமை செய்பவர் முதலில் தேடுவது அங்கேதான்.

பையில் போட வேண்டியது அதிகமில்லை: ஒரு வாரத் தீனி, இரண்டு வார மருந்து, சான்றுகளின் நகல், பிராணியோடு நீங்களும் தெரியும் படம். வீட்டில் அதன் மெத்தையும் கிண்ணமும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தீனியைச் சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும் என்பதால் பழைய தீனியே போகட்டும்.

நாய் வாலாட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும். பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளாமல் இருக்க மார்புப் பட்டை ஒன்று போதும். பூனை அப்படி அல்ல. வீட்டில் சத்தம் கூடினாலே கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ போய்விடும், பதினைந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டிய நாளில் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். இரண்டு மூன்று வாரம் முன்பே தூக்குப்பெட்டியைத் திறந்துவைத்து, பழைய துணி விரித்து, தீனியை உள்ளேயே வையுங்கள். யாராவது கேட்டால் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லலாம். கிளம்பும் காலையில், மறைவிடம் இல்லாத குளியலறை போன்ற அறையில் பூனையை முன்கூட்டியே விட்டுக் கதவைச் சாத்துங்கள். பெட்டிக்குள் போக மறுத்தால் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, துண்டில் சுற்றிப் பின்னங்கால் முதலாக இறக்குவது எளிது. பெட்டியே கிடைக்காத அவசரத்தில் தடித்த தலையணை உறையில் இட்டு உறையின் வாயைக் கட்டிச் சிறிது தூரம் போகலாம். பயணத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தினால் வாந்தி குறையும். தூக்க மாத்திரை என்று மனிதருடையதைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். அமைதிப்படுத்தும் மருந்தை மருத்துவர் எழுதித்தந்தால், அன்றைக்குத்தான் முதல் முறை என்றில்லாமல் ஒருநாள் கொடுத்துப் பாருங்கள்.

முயலுக்குப் பட்டினி ஆகாது. அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் நின்றுவிடும் அபாயம் உண்டு, புல்லைப் பெட்டியிலேயே வையுங்கள். பறவைக்குச் சிறு கூண்டும் மூடும் துணியும் போதும்.

போய்ச் சேர்ந்தபின் பூனையை முதலில் ஒரே அறையில், மலத்தட்டும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் வைத்து விடுங்கள். சில வாரம் வெளியே விடக் கூடாது, பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் ஈரல் கெடத் தொடங்கலாம். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் போனால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், மறுநாள் என்று காத்திருக்கக் கூடாது. நாயைப் பழைய நேரத்தில், பழைய பூங்காவில் நடத்த வேண்டாம். ஜன்னல் தெரியும் படங்களை வலைத்தளத்தில் போட வேண்டாம். பழைய மருத்துவமனையிலிருந்து பதிவுகளைப் பெறும்போது, புது மருத்துவமனையின் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கோப்பிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

கொண்டுபோகவே முடியாமல் போனால், அதை மீட்க ஒரு நாளும் தனியாகத் திரும்பிப் போகக் கூடாது. வெளியேறும் நேரமும் அதை ஒட்டிய நாட்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தானவை. ‘வந்து கூட்டிப்போ’ என்று நாயின் படத்தோடு வரும் செய்தி பெரும்பாலும் தூண்டில். காவல்துறையின் துணையோடு போகலாம், அல்லது விலங்கு நல அலுவலர்களைப் போகச் சொல்லலாம். 2006-இல் அமெரிக்காவின் மெயின் மாநிலம், கொடுமை செய்பவர் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் இடும் பாதுகாப்பு ஆணையிலேயே செல்லப்பிராணியையும் சேர்க்க முதன்முதலில் சட்டம் செய்தது. பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. அத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும் மனுவில் கேட்டுப் பார்க்கலாம். ‘என் நாய்’ என்று மட்டும் எழுதாமல் பெயர், இனம், நிறம், வயது, சிப் எண் எல்லாம் குறிப்பிட வேண்டும். ஆணை கிடைத்தால் ஒரு நகல் கையில், ஒன்று மருத்துவரிடம், ஒன்று பிராணி தங்கியிருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவப் பணியிலுள்ள ஒரு வாசகி