காற்று மாசுக் குறியீடு (ஐபியூ) 100-ஐத் தாண்டினால் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கடந்த புதன்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்று காலை புகைமூட்டத்தால் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் பின்பக்கச் சன்னலில் இரட்டைக் கோபுரம் தெரியவில்லை. பத்து மூடா காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் ஐபியூ 150-ஐத் தாண்டியிருந்தது. விளையாட்டுப் போட்டி ஒத்திகை இருக்காது என்று நம்பித்தான் மகளை அனுப்பினேன். ஆனால் ஒரு மணி நேரம் அணிநடை, அப்புறம் 100 மீட்டர் ஓட்டம். அவளுக்கு ஆஸ்துமா இருப்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிரவு அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுந்தது. "அம்மா, நான் ரெண்டாவதா வந்தேன்" என்று சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. மூச்சுத் திணறலுக்கான நீலப் பம்ப் அடித்தும் அடங்கவில்லை. இரண்டு மணிக்கு கிளினிக்கில், மருந்தை ஆவியாக இழுக்க வைக்கும் நெபுலைசர் வைத்தார்கள்.

"முகக்கவரி போட்டுத்தானே ஓடினார்கள்" என்று பெற்றோர் குழுவில் பதில் வந்தது. அந்தக் கவரியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வியர்வையில் நனைந்து, காது வார் தளர்ந்து கிடந்தது. அது இருமும்போது தெறிக்கும் எச்சிலைத் தடுக்கும். புகையிலுள்ள பிஎம் 2.5 என்னும் நுண்துகளோ தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். கன்னத்து இடைவெளியிலேயே உள்ளே போய்விடும். என்95 வகைக் கவரி தடுக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது சரியாகப் பொருந்தாது, போட்டுக்கொண்டு ஓடவும் முடியாது. ஐபியூ 100-ஐத் தாண்டினால் வெளியே எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று கேட்பது இதனால்தான். கல்வி அமைச்சும் 2023-இல் இதையே சொன்னது.

இன்னொன்று. ஐபியூ 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுவது. காலையில் திடீரென்று புகை அடர்ந்தால், எண் ஏறுவதற்குள் ஒத்திகையே முடிந்துவிடும். எரிந்த வாடை மூக்கில் ஏறினால் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிமண் (மக்கிய தாவரங்களாலான சதுப்பு மண்) எரிந்து புகை இங்கே வருவதை நீங்கள் நிறுத்த முடியாது. இதே புகை வந்த 1997-இல் எனக்கும் ஒன்பது வயது. நானும் இப்படித்தான் இருமினேன். 2002-இல் இதே கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள், எல்லை தாண்டும் புகையைத் தடுக்க ஒப்பந்தம் போட்டன. 2005-இல் புகையால் கிள்ளான் துறைமுகத்தில் அவசரகாலம், 2013-இல் மூவாரில் ஐபியூ 746. இந்தோனேசியா அந்த ஒப்பந்தத்தை ஏற்கவே 2014 ஆனது. அடுத்த ஆண்டே மறுபடி புகை, 2019-இலும் புகை. இத்தனை ஆண்டுகளாக யாரிடம் போய்க் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

சரி, அது உங்கள் கையில் இல்லை. திடலுக்குப் போகச் சொல்லி அடிக்கும் மணி உங்கள் கையில் இருக்கிறது. நூல்நிலையத்தில் குளிர்சாதனம் உண்டு. சன்னல்களை மூடி, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வைத்தால், இழுப்பு உள்ள பிள்ளைகள் அங்கே இருக்கலாம். செலவில் பங்கு தர நாங்கள் சில பெற்றோர் தயார்.

திங்கட்கிழமையும் ஒத்திகை உண்டு என்று நேற்று செய்தி வந்தது. அன்று காலை 7 மணிக்கு ஐபியூவைப் பார்த்துக் குழுவில் போடுங்கள். 100-ஐத் தாண்டியிருந்தால் ஒத்திகையைத் தள்ளிவையுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்,
செந்தூல், கோலாலம்பூர்