கேண்டீன் வாசலில் பார்த்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன மாதம் சேலத்தில் ராணுவ கேண்டீன் வாசலில் பார்த்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பையோடு வெளியே வந்தீர்கள். கேட்டிலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைத்தீர்கள். மூன்றாம் தடவை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை. நான் கவனித்தேன். காதில் மிஷின் மாட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவன் நான்தான்.

எந்தப் படை என்று கேட்டேன். சாப்பர், பாலமும் ரோடும் போடுகிற படை, என்றீர்கள். அப்படியானால் நீங்கள் எனக்கு மட்டும் தம்பி இல்லை, மதராஸ் சாப்பர்களுக்கு ராணுவம் முழுக்க அதுதானே பெயர் என்றேன். சிரித்தீர்கள். முதுகு எப்படிப் போனது என்றதற்கு, வடக்கே ஆற்றங்கரையில் ராத்திரியோடு ராத்திரியாக பெய்லி பாலம் போட்ட கதையைச் சொன்னீர்கள். கோத்துப் பாலமாக்கும் இரும்புப் பேனல் ஒன்று 260 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆறு பேர் தூக்குவது. ஈரமண்ணில் ஒருவர் கால் சறுக்கியதும் அந்த ஆளின் பாரமும் சேர்ந்து உங்கள் முதுகில் இறங்கியது. கேட்டுக்கொண்டே இருக்கும்போது ஏற்காடு பஸ் வந்துவிட்டது. உங்கள் நம்பர் வாங்க மறந்தேன், நம் ஆட்களிடம் விசாரித்தும் பிடிபடவில்லை. மலையில் நாகலூர்ப் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும். அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாராவது கொண்டுபோய்க் காட்டட்டும்.

பஸ் ஏறுவதற்கு முன் நான் கேட்டது ஒரே கேள்வி. பிபிஓவில், அதாவது பென்ஷன் உத்தரவில், டிசெபிலிட்டி எலிமெண்ட் என்று, சேவையில் உடம்பு கெட்டதற்கான தனித் தொகைக்கு, ஒரு வரி இருக்கிறதா? நீங்கள் சொன்ன பதில்: "அதெல்லாம் கை காலு போனவங்களுக்குங்கண்ணா. மெடிக்கல் போர்டுல ஏதோ 20ன்னு எழுதினாங்க, கையெழுத்துப் போட்டேன், அதோட சரி." அந்த 'அதோட சரி'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

தமிழில் ஊனம் என்று சொன்னால் கூசுகிறது, தெரியும். 15 வருஷத்துக்கு மேல் ஷேப் ஒன், முழு உடல்தகுதி, என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றவனிடம் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. ஊரில் மிலிட்டரிக்காரர் என்று கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயருக்கும் இந்த வார்த்தைக்கும் ஒட்டவே ஒட்டாது. ஆனால் பென்ஷன் விதியில் அது வெறும் கணக்குச் சொல். உடம்பில் இத்தனை சதம் தேய்மானம், அதற்குச் சேவை காரணமா இல்லையா, இவ்வளவுதான் கேள்வி. கை கால் போயிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. என் காது இரண்டும் முகத்தில்தான் இருக்கின்றன, பாருங்கள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பீரங்கிப் படை. எங்கள் காலத்தில் காதில் பஞ்சு வைத்தால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். 24 வருஷம் முடித்து 2009ல் வெளியே வந்தபோது ரிலீஸ் மெடிக்கல் போர்டில் காதுக்கு 20 சதம் போட்டார்கள், ஆயுள் முழுமைக்கும். பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் 'நானா' என்று எழுதினார்கள். நானும் என்னைத்தான் கேட்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்! அது ஆங்கில எழுத்து நான்கு. சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் அதிகமானதும் இல்லை என்று அர்த்தம். பீரங்கி பக்கத்தில் 24 வருஷம் நின்றவனின் காது எதனால் போனதாம்? கோயில் மேளத்தாலா? ஆறு வருஷம் சும்மா இருந்தேன். அப்புறம் ஓய்வு பெற்ற கிளார்க் ஒருவர் என் கேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, இரண்டு வருஷம் கழித்து அந்தப் பணம் வந்தது. நிலுவை மூன்று வருஷத்துக்குத்தான் தந்தார்கள். சும்மா இருந்த காலத்தில் பாதி என் கணக்கிலேயே போயிற்று.

உங்களுக்கும் நானாதான் போட்டிருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பாலம் போட்ட அன்றைக்கு முதுகு போயிற்று. ஆனால் நீங்கள் சிக் ரிப்போர்ட் போகவில்லை, இல்லையா? நீங்களே சொன்னீர்கள், நாயக் ஆகிற நேரம் என்று. லோ மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதியில் கீழ்த்தரம், என்று ஆனால் பிரமோஷன் போகும், கோர்ஸ் போகும், வேலை நீட்டிப்பு போகும். எல்லோரும் மறைப்போம், நானும்தான் மறைத்தேன். வலிக்குத் தைலம், பெல்ட், சக சிப்பாய் கொடுத்த மாத்திரை. நான்கு வருஷம் கழித்துத் தாங்க முடியாமல் போனபோது நீங்கள் இருந்தது பீஸ் ஸ்டேஷன், எல்லைப் பதற்றம் இல்லாத ஊர். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். ஆக, காகிதத்தில் உங்கள் முதுகுவலி பிறந்த ஊர் அந்தக் கன்டோன்மெண்ட். போர்டு டாக்டர் காகிதத்தைப் பார்த்து, 'பீஸ் ஸ்டேஷனில் ஆரம்பம், ஆகவே சேவைக்குத் தொடர்பில்லை' என்று முடித்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆற்றங்கரையில் அவர் இல்லையே.

போர்டு பாரத்தில் நாமே நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று உண்டு. படையில் சேருமுன் இந்த நோய் இருந்ததா, சேவையில் எந்தச் சம்பவத்தால் வந்தது என்று நினைக்கிறீர்கள் என்று அதில் கேட்பார்கள். அங்கே நீங்கள் என்ன எழுதினீர்கள்? பெரும்பாலான பேருக்கு நினைவே இருக்காது. வெளியே போகிற அவசரம், அடுத்த வாரம் ஊர் ரயில், யாரோ 'இல்லை, இல்லை' என்று நிரப்பி நீட்டியதில் கையெழுத்து. அதனால் முதல் வேலை, அந்தப் போர்டு காகிதத்தின் நகலை வாங்குவது. பெங்களூரில் உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, கூடவே 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். போர்டு நடவடிக்கை, சேர்ந்த நாளின் மருத்துவப் பரிசோதனைத் தாள், ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், டிசெபிலிட்டி கிளெய்மைத் தள்ளிய கடிதம், நான்கையும் கேளுங்கள். சேர்ந்த நாளின் தாளை எதற்குக் கேட்கிறேன் என்றால், விஷயமே அதில்தான் இருக்கிறது.

ராணுவத்தின் தகவல்தொடர்புப் படையான சிக்னல்ஸில் தரம்வீர் சிங் என்று ஒரு சிப்பாய். 1985ல் சேர்ந்தார், ஒன்பது வருஷம்கூட முடியாமல் வலிப்பு நோய் என்று 20 சதம் போட்டு அனுப்பினார்கள், சேவைக்குத் தொடர்பில்லை என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2013ல் தீர்ப்பு வந்தது. சேரும்போது உடம்பு முழுத் தகுதி என்று நீங்கள்தானே எழுதி எடுத்தீர்கள், அப்போது அந்த நோயைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லையே, பிறகு வந்தது சேவையால் வந்தது என்றுதான் கொள்ள வேண்டும், இல்லை என்றால் காரணத்தோடு நிரூபிக்க வேண்டியது ராணுவத்தின் பொறுப்பு, சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. இதுதான் சாரம். அந்த ஒரு மனிதர் விடாமல் நின்றதில் எத்தனை ஆயிரம் அடுப்பு எரிகிறதோ. ஆனாலும் இந்தத் தீர்ப்பைக் காட்டினால் கதவு தானாகத் திறந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு கேஸையும் எதிர்த்துத்தான் வாதாடுவார்கள்.

அந்த 20 சதத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். 20க்குக் கீழே இருந்தால், சர்வீஸ் முடித்து வந்த நம்மைப் போன்றவர்களுக்குப் பொதுவாக ஒன்றுமில்லை. 20 தொட்டுவிட்டால், சேவைதான் காரணம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அது 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்படும். 50லிருந்து 75 வரை இருந்தால் 75, அதற்கும் மேலே 100. முதலில் இந்த உயர்வு, நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சர்வீஸ் முடித்தவர்களுக்கும் உண்டு என்றது. ரூபாயில் பார்க்கலாம். கடைசிச் சம்பளம் 40,000 என்று வையுங்கள். 100 சதத்துக்கு அதில் 30 சதம், அதாவது 12,000. வெறும் 20 சதம் என்றால் 2,400. 50 ஆனால் 6,000, அதன் மேல் அகவிலைப்படி. சர்வீஸ் பென்ஷன் ஒரு பைசா குறையாது, இது தனி. உங்கள் பிள்ளையின் கல்லூரிப் பஸ், மெஸ் செலவு இதிலேயே ஓடும்.

நீங்கள் 2021ல் வெளியே வந்தவர். 2023 செப்டம்பர் 21லிருந்து புது விதி வந்திருக்கிறது, பெயர்களும் மாறிவிட்டன. உங்களைவிட இளையவர்கள் யாராவது கேட்டால் என் கணக்கை அப்படியே சொல்லி ஏமாற்றிவிடாதீர்கள்.

தள்ளுபடிக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட வேண்டும், அப்புறம் இரண்டாவது அப்பீல், அதிலும் ஆகவில்லை என்றால் தீர்ப்பாயம். உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது, தாமதத்தை மன்னிக்கும்படி காரணம் எழுதிப் போட வேண்டும். அந்தக் கடிதமே வீட்டுக்கு வரவில்லை என்றால் அதையே எழுதலாம். பென்ஷன் மாதாமாதம் குறைவது தொடர்ந்து நடக்கும் தவறு என்பதால் வாசலை முழுதாக அடைக்கமாட்டார்கள், நிலுவையில்தான் வெட்டுவார்கள். என் ஆறு வருஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குழியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் இது சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது வேறு கணக்கு, வேறு சலுகை. அந்தச் சான்றிதழில் 40 சதம் என்று இருந்தாலும் அதைக் கொண்டுவந்து இந்த 20ஐ மாற்ற முடியாது. இன்னொன்று, நிலுவையில் கால் பங்கு கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வருகிற ஆட்கள். டீ வாங்கிக் கொடுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

இவ்வளவும் கேட்டபிறகும் 'நாட்டிடம் கை நீட்டுவதா' என்று தோன்றலாம். 2023ல் வந்த தணிக்கைத் துறை அறிக்கையில் ஒரு விவரம் இருந்தது. ஓய்வு பெறும் அதிகாரிகளில் 100க்கு ஏறக்குறைய 40 பேர் டிசெபிலிட்டி பென்ஷனோடு போகிறார்கள். அதிகாரிகளுக்குக் கீழே உள்ள ஜவான், ஜேசிஓ தரத்தில் 20 பேர்கூட இல்லை. பெய்லி பேனலை யார் தூக்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதிகாரிகள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்களுக்குப் பாரத்தைப் படிக்கத் தெரியும், நமக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. பொய் கிளெய்ம் போடுகிற ஆட்களும் நம்மிலேயே உண்டு. அப்படி ஒருவர் எங்களிடம் வந்தார், நடக்கும்போது நொண்டினார், பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அவர் காகிதத்தை நாங்கள் தொடவில்லை.

இப்போது உங்கள் கேஸில் பலவீனமான இடம். அன்றைக்குக் காயம் பட்டதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பேனலைத் தூக்கியது ஆறு பேர். நீங்கள் ஒருவர், மற்ற ஐந்து பேர் எங்கே? பஸ் படியில் நின்றுகொண்டு ஒருவர் தருமபுரி என்றீர்கள், ஒருவர் நாமக்கல் பக்கம், ஒருவர் இன்னும் சர்வீஸில். கால் சறுக்கிய அந்த ஆள் யார்? பழைய கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் தேடுங்கள். தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், மறுநாள் நீங்கள் எப்படிக் குனிய முடியாமல் கிடந்தீர்கள் என்று இரண்டு பேராவது எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஆஸ்பத்திரித் தாள் அளவுக்கு அதற்கு எடை இருக்காது. ஆனால் வெறுங்கையோடு போவதற்கு அது எவ்வளவோ மேல். கால் சறுக்கியவர் இத்தனை வருஷம் அதை மனதில் வைத்துக்கொண்டு இருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் கேட்டால் முதலில் ஓடி வருவது அவராக இருக்கும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அஸ்தம்பட்டியில் ஒரு டீக்கடையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்காருவோம். ஒருவருக்கு ஸ்பர்ஷ் என்கிற ராணுவப் பென்ஷன் இணையதளம் அத்துப்படி. ஒருவர் அப்பீல் மனு எழுதுவதில் சூரர், இங்கிலீஷில் புகுந்து விளையாடுவார். இன்னொருவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் சென்னைக்கு ஹியரிங் போகிறவர்களோடு துணைக்குப் போய்வருவார், ரயிலில் சீட்டுப் பிடிப்பார், அது சின்ன உதவி இல்லை. எனக்குத் தெரிந்தது மனுவில் எந்தக் கட்டம் எங்கே என்பது. பீஸ் கிடையாது. முடிந்த பிறகு ஒரு நாள் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும், அது மட்டும் கறாரான சட்டம்.

டிஸ்சார்ஜ் புக், பிபிஓ நகல், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது டிரங்குப் பெட்டி அடியில் இருந்தால் அது, மூன்றையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கி வாருங்கள். பின் சீட்டில் உட்காராதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவையும் உங்கள் முதுகு எண்ணும். கடைக்கு வந்து என்னைக் கூப்பிட்டு நான் திரும்பவில்லை என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்து மிஷின் பேட்டரி தீர்ந்துபோகும். தோளைத் தட்டுங்கள்.

அன்புடன்,
மரத்தடிக் கிழவன்