டீச்சருக்கு நாம் பட்ட கடன்: படிப்பகத்துக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

நம் தொகுதி மக்களுக்கும் வெளியூரில் பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

முதலில் பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறோம். வரும் அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் படிப்பகம் இருக்கும் கட்டடத்தின் உரிமையாளருக்கு மீதி அட்வான்ஸ் 1,00,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். வங்கியில் இருப்பது 24,500. குறைவது 75,500. தேதி தவறினால் இடம் செல்போன் கடைக்குப் போய்விடும். அவர்கள் நம்மைவிட இரண்டு மடங்கு வாடகை தரத் தயாராக இருக்கிறார்கள். உரிமையாளர் இவ்வளவு நாள் பொறுத்ததே டீச்சர் மேல் வைத்திருக்கும் மரியாதையால்தான். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

எந்த இடம் என்று உங்களுக்கே தெரியும். டீச்சர் சுயேச்சையாக நின்ற சட்டமன்றத் தேர்தலின்போது நம் காரியாலயமாக இருந்த அறை. தேர்தல் முடிந்தும் அதன் கதவை நாங்கள் சாத்தவில்லை. முடிவு வந்த மறுவாரமே டீச்சர் அங்கே மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். முதியோர் உதவித்தொகை, பட்டா, சாதிச் சான்றிதழ், குடிநீர் என்று வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருகிறார். பள்ளிப் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்கிறார்கள். இதை நிரந்தரப் படிப்பகமாகவும் மனு மையமாகவும் ஆக்கத்தான் இந்த நன்கொடை.

இதை எழுதும் நான் குழுவின் செயலாளர். குழுவிலேயே வயதில் சிறியவள், போன தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்டேன். “உன் தலைமுறைக்காரர்களிடம் நீயே கேள்” என்று பெரியவர்கள் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கூடவே “நம் ஊர் வரலாற்றை விட்டுவிடாதே” என்ற கட்டளையும் வந்தது. தலைவர் ஐயாவுக்குக் குடவோலைத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டிலிருந்து ஆரம்பிக்க ஆசை. இடம் போதாது என்று கெஞ்சி 1952-க்கு இறக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டை வேண்டிய பெட்டியில் போட வேண்டும். தலைவர் ஐயாவின் தகப்பனார் வரிசையில் நின்று அப்படி ஓட்டுப் போட்டவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் ஆளும் காங்கிரசுக்குக் கிடைத்தது 152, சுயேச்சைகளுக்கு 62. “சுயேச்சை என்றால் அன்றைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்” என்று ஐயா சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். 1962-இல் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார், அடுத்த ஐந்தாவது வருடம் முதலமைச்சர் ஆனார். 1967-இல் விருதுநகரில் காமராசரை எதிர்த்து நின்ற பெ.சீனிவாசன் ஒரு மாணவர் தலைவர். 1,285 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். காமராசர் தோற்ற அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொல்பவர்களும், அன்று தெருவில் ஆடினோம் என்று சொல்பவர்களும் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அந்தச் சண்டை கூட்டம்தோறும் நடக்கிறது. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்களே, அவர்களில் பெரும்பாலோர் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று கோபப்பட்ட விவசாயிகள். அப்போது சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாய். அதற்கப்புறம் 5,000 ஆனது, இப்போது 10,000.

அந்தப் பத்தாயிரத்திலிருந்துதான் எங்கள் கதை.

டீச்சர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்சி கிடையாது, பின்னால் சாதிச் சங்கம் கிடையாது, பேச்சிலும் பெரிய ஆள் இல்லை. மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும். ஆனால் மனு எழுதத் தெரியும். எங்கள் கல்லூரிக்குப் போகும் காலைப் பேருந்து திடீரென்று நின்றுபோனபோது நாங்கள் மறியல் செய்யலாம் என்று இருந்தோம். அவர்தான் எங்களை உட்கார வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுத வைத்தார். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு பக்கத் தாள். நான் “ஏன் பேருந்தை நிறுத்தினீர்கள்?” என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டார். “ஏன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க. நிறுத்தச் சொன்ன உத்தரவோட நகலைக் கேளு. அப்படி ஒரு உத்தரவு இல்லேன்னா அதையும் அவங்களே எழுதித் தரணும்” என்றார். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்த அலுவலகப் படியும் இறங்கக்கூடாது. இதையெல்லாம் எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை. பதில் வந்தது: அப்படி எந்த உத்தரவும் இல்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனோம். பேருந்து திரும்ப ஓடியது.

இப்படிப்பட்டவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி நச்சரித்தது நாங்கள்தான். டெபாசிட் 10,000 ரூபாயை முதல்முறை ஓட்டுப் போடுகிறவர்கள் நூறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுச் சேர்த்தோம். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரில் தலைவர் ஐயாவும் ஒருவர். கரும்பலகைச் சின்னம் கேட்டோம், குலுக்கலில் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. நமக்கு வந்தது தையல் இயந்திரம். சின்னம் கைக்கு வந்தபின் பிரசாரத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு வாரம்தான். சுயேச்சைகளின் பெயர் பட்டியலில் எப்போதும் கடைசியில்தான் வரும். ஓர் எந்திரத்தில் பதினாறு பெயருக்குத்தான் இடம் என்பதால் டீச்சர் பெயர் இரண்டாவது எந்திரத்துக்குப் போனது. “இரண்டாவது பொட்டி, தையல் மிஷின்” என்று கத்திக் கத்தியே எங்கள் பாதிப் பேருக்குத் தொண்டை போனது.

செலவு உச்சவரம்பு 40 லட்சம். டீச்சர் காட்டிய கணக்கு 2,86,000. முடிவு வந்த முப்பது நாளைக்குள் கணக்கு கொடுக்க வேண்டும் என்பது விதி. கெடுவுக்கு முன்பே, டீ வாங்கிய சீட்டு வரை ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஓட்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. மற்ற இடத்தில் வாங்கியவர்களைத் திட்டவும் இல்லை. “இல்லாதவங்க வாங்கறாங்க. அவங்களைத் திட்டி எனக்கு என்ன ஆகணும்?” என்பார். என் வயதுக்காரர்களுக்கு இதுதான் புரியாமல் இருந்தது, கோபமும் வந்தது. இப்போது புரிகிறது.

கிடைத்தது 4,217 ஓட்டு. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். நாங்கள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை, பத்தாயிரமும் அரசுக் கணக்கில் சேர்ந்தது. நூறு பேரில் ஒருவரும் அந்த நூறு ரூபாயைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர்களுக்கு முதல் நன்றி.

அன்று உதவியவர்களை இன்னொருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொன்னதால் தொழிலைச் சொல்கிறோம். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு மைக் கட்டி ஓட்டிய ஆட்டோ அண்ணன்மார்கள். ஆம்ப்ளிஃபயரையும் குழாயையும் வாடகை இல்லாமல் தந்த சவுண்ட் சர்வீஸ்காரர். நோட்டீசில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் போட்டே ஆக வேண்டும் என்று தெரிந்ததும் சில அச்சகங்கள் பின்வாங்கியபோது, “என் பேரைப் போடுங்கம்மா, எனக்கென்ன பயம்” என்று சொன்ன அச்சகத்துக்கார அம்மா. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து அனுப்பிய பஞ்சாலைப் பெண்கள். பூத் ஏஜெண்டுகளுக்கு விடியற்காலையில் எழுந்து தயிர்சாதம் கட்டித் தந்த மாதர் குழு அக்காக்கள், அவர்களில் இரண்டு பேர் எதிர்க்கட்சிக் குடும்பம். துபாயிலும் ஷார்ஜாவிலும் வேலை பார்த்துக்கொண்டே அனுப்பிய தம்பிகள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட பெரியப்பா ஒருவர் அனுப்பிய தொகையைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. வேட்பாளர் வெளிநாட்டுப் பணம் வாங்கச் சட்டம் இடம் தராது. அவர் வருத்தப்பட்டார், நாங்களும்தான். ஊருக்கு வந்தபோது காரியாலயத்துக்கு வந்து பத்து நாள் உட்கார்ந்து முதியோர் மனுக்களை எழுதிக் கொடுத்து அந்த வருத்தத்தைத் தீர்த்துக்கொண்டார். இவர்கள் எல்லோருக்கும் இறைவன் குறைவில்லாமல் கொடுக்கட்டும் என்று குழுவின் பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள். நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் வெறும் நன்றியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இப்போது திட்டச் செலவு. அட்வான்ஸ் 1,50,000. மாதம் 6,000 வீதம் ஓராண்டு வாடகை 72,000. மேசை, நாற்காலி, புத்தக அலமாரி 58,000. பழைய கம்ப்யூட்டர் இரண்டும் ஒரு பிரிண்டரும் 64,000. வயரிங், ஃபேன், விளக்கு 22,000. ஓராண்டுக்கு நாளிதழ், வெள்ளைத்தாள், ஸ்டாம்ப் 18,000. ஆக மொத்தம் 3,84,000. இதுவரை 163 பேர் கொடுத்தது 96,500. அதில் 50,000 உரிமையாளருக்கு, 22,000 வயரிங்குக்குப் போனது, மிச்சம்தான் மேலே சொன்ன 24,500. இன்னும் திரட்ட வேண்டியது 2,87,500. அதில் 75,500 உடனே வேண்டும், மீதி பொங்கலுக்குள் வந்தால் போதும்.

ஒன்றைக் கேட்டுவிடுகிறோம், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு ரகசியம். யார் போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் “நான் டீச்சருக்குத்தான் போட்டேன்” என்று எங்களிடம் சொன்னவர்களைக் கூட்டினால் டீச்சர் இந்நேரம் சட்டமன்றத்தில் இருக்க வேண்டும். சரி, அத்தனை பேர் வேண்டாம். உண்மையில் போட்ட 4,217 பேரும் ஆளுக்கு 70 ரூபாய் கொடுத்தால் முழுக் கணக்கும் தீர்ந்து கொஞ்சம் மிஞ்சும். கொடுத்தவர்களோ 163 பேர். மொய் நோட்டில் 500-க்குக் குறைத்து எழுதினால் மரியாதை போய்விடும் என்று கடன் வாங்கியாவது எழுதுகிறோம். யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. நம் அப்பாவின் உதவித்தொகை மனுவை மூன்று முறை திருத்தி எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தையும் காட்டிக் கொடுத்தவருக்கு ஏன் கை நீள மாட்டேன் என்கிறது?

என் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் அன்று டீச்சர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தீர்கள். தோற்ற இரவு அழுதுகொண்டே நீள நீளமாக எழுதினீர்கள், நானும் எழுதினேன். அதன்பின் காரியாலயத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதப் போவதில்லை. பணம் இல்லாவிட்டால் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வாருங்கள், மனு எழுத ஆள் போதவில்லை. நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபை வருகிறது. நம் ஊராட்சிகள் எல்லாவற்றிலும் கேட்க வேண்டிய கேள்விகளை அதற்குள் எழுதித் தயார் செய்தாக வேண்டும். டீச்சருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இரவில் எழுத முடியவில்லை.

படிப்பகத்துக்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள், கூடவே கூடாது என்று டீச்சர். இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, பெயர்ப்பலகை இப்போதைக்குக் காலி. நன்கொடையாளர் பெயரை ட்யூப் லைட்டில் எழுதும் வேலையும் நம்மிடம் இல்லை. சுவரில் ஒரு கணக்குத் தாள் இருக்கும், வரவும் செலவும் மாதாமாதம் அதில் ஏறும்.

சில நடைமுறை விஷயங்கள். குழு இன்னும் சங்கமாகப் பதிவாகவில்லை, மனு கொடுத்திருக்கிறோம். ஆகவே இந்த நன்கொடைக்கு வருமானவரி விலக்கு கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் தயவுசெய்து பணம் அனுப்ப வேண்டாம், ஊருக்கு வரும்போது நேரமாகக் கொடுங்கள். இந்தியக் குடிமக்கள் எங்கிருந்தாலும் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். எந்தக் கட்சிக்காரரும் கொடுக்கலாம், ஆனால் கட்சிப் பெயரில் வாங்க மாட்டோம். பழைய மேசை நாற்காலி, ஓடுகிற நிலையில் கம்ப்யூட்டர், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம், போட்டித்தேர்வு வழிகாட்டி எதுவானாலும் பணத்துக்குச் சமம். கிழிந்த வார இதழ்கள் மட்டும் வேண்டாம், போன மாதம் மூன்று மூட்டை வந்தது.

கணக்கு எண் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. நேரில் கொடுப்பவர்கள் மாலை 5 முதல் 8 மணி வரை காரியாலயத்தில் பொருளாளரிடம் கொடுக்கலாம். குழுவின் முத்திரையும் வரிசை எண்ணும் உள்ள ரசீது இல்லாமல் யாரிடமும், என்னிடம்கூட, ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர், படிப்பகக் குழுவுக்காக