ஏட்டி, நீ கேட்டதுக்குப் பதில்

ஏட்டி,

ஒன் மெசேஜ நேத்து ராத்திரியே படிச்சிட்டேன், ஒடனே பதில் போட மனசு வரல, ஏன்னா நீ கேட்டது "கவலப்படாத, கர்த்தர் பாத்துக்கிடுவார்"னு ஒரு வரில முடிக்கிற விஷயம் இல்ல. அத்தானுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், மிச்ச நாள் நீதான் கடைய பாக்கணும், மவனுக்கு ப்ளஸ் டூ, இதுக்கு நடுவுல முட்டி போட்டா ஜெபமே வரமாட்டேங்கு, "ஆண்டவரே"ன்னு மட்டும் சொல்லிட்டு அப்படியே கெடக்கேன், எனக்கு விசுவாசம் போயிருச்சோன்னு கேட்டிருக்க.

போகலட்டி. அந்த ஒத்த வார்த்தைதான் இப்ப ஒன் விசுவாசம்.

ரெண்டாம் நாளாகமம் 20ஆம் அதிகாரத்த எடுத்துப் பாரு. மோவாபியர், அம்மோனியர்னு பெரிய படை ஏறி வருது, யோசபாத் ராஜா அத்தன ஜனத்துக்கும் முன்னால நின்னு ஜெபிக்காரு, கடைசில என்ன சொல்லுதாரு தெரியுமா, "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது". ஒரு ராஜா, பொண்டாட்டி பிள்ளையளோட நிக்கிற ஜனத்துக்கு முன்னால, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லுதாரு. அத நான் பெரிய ஜெபம்னு சொல்லுவேன். பவுலும் அப்படித்தான், ஆசியாவுல பட்ட பாட்ட கொரிந்தியருக்கு எழுதும்போது, பிழைப்போம்ங்கிற நம்பிக்கையே அத்துப்போச்சுன்னு ஒளிக்காம எழுதுதாரு, எங்கமேல நம்பிக்கை வைக்காம மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல வைக்கதுக்குத்தான் இதுன்னும் சொல்லுதாரு. ஆனா அது அவரு தன் பாட்டப் பத்தி தானே சொன்னது. அதையே நான் ஒங்கிட்ட வந்து, "ஒனக்குப் பாடம் கத்துக்குடுக்கத்தான் கர்த்தர் அத்தானுக்கு கிட்னிய கெடுத்தாரு"ன்னு சொல்ல மாட்டேன். யாரு சொன்னாலும் நீ கேக்காத.

எங்க வீட்டுக் கத ஒனக்குத் தெரியும், எங்க வீட்டுக்காரர் வேல பாத்த கம்பெனி மூடி, அங்கன சம்பளமும் இல்லாம ஊருக்கு வரவும் முடியாம மாட்டிக்கிட்ட காலம். அதுக்கு முன்னால நாங்க பிளானப் போட்டுட்டு ஆசீர்வதியும்னு கேப்போம். அதுக்கப்புறம் பிளான் போடவே ஒண்ணும் இல்ல, காலைல எந்திச்சா இன்னைக்கு சாப்பாடு, இன்னைக்கு ஒரு போன் வரணும், அவ்வளவுதான் ஜெபம். அப்பதான் நான் அவருகிட்ட நெசமாவே பேச ஆரம்பிச்சேன், அழுதேன், கோவப்பட்டேன், அடுத்த நாளும் அவருகிட்டதான் போனேன், வேற போக்கிடம் ஏது.

இந்த மாசம் சபைல பெண்கள் கூட்டத்தோட டோனாவூர் போயிட்டு வந்தோம். அங்கன இருந்து ஊழியம் செஞ்ச அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா கத சண்டே ஸ்கூல்லயே கேட்டதுதான், 1895ல இந்தியாவுக்கு வந்தவங்க திரும்ப ஊருக்கே போகல, கோயில்ல பொட்டுக்கட்ட விட்ட பிள்ளையள எடுத்து வளத்தாங்க, அந்தப் பிள்ளையளுக்குன்னு யாருகிட்டயும் கையேந்தாம ஜெபத்துலயே கேட்டாங்கன்னு. ஆனா சின்ன வயசுல எனக்கு மனசுல ஏறாதது ஒண்ணு உண்டு. 1931ல களக்காட்டுல ஒரு குழில விழுந்து காலு ஒடஞ்சுது, அதுக்கப்புறம் 1951ல சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட இருவது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரு ரூமுக்குள்ள படுக்கையிலதான். எத்தன பேரு ஜெபிச்சிருப்பாங்க, சொகம் வரல பாரு. ஓடி ஓடி ஆயிரம் வேலய இழுத்துப் போட்டுச் செஞ்சவங்க இன்னொருத்தர் கைய எதிர்பாத்துப் படுத்திருக்காங்க, அங்கனருந்தே புஸ்தகம் புஸ்தகமா எழுதுனாங்க, வலில கெடக்கவங்களுக்கு எழுதுனாங்க. கல்லறைக்குக் கல்லு வேண்டாம்னுட்டாங்களாம், குருவி தண்ணி குடிக்க ஒரு தொட்டி மட்டும் இருக்கு, அதுல "அம்மா"ன்னு எழுதியிருக்கு. அங்கன நின்னப்ப ஒன்ன ரொம்ப நெனச்சேன்.

ஏன் சொல்லுதேன்னா, நம்ம கூட்டத்துல சாட்சி சொல்ல எந்திக்கிறவங்க எல்லாம் சொகமானவங்க, கடன் அடஞ்சவங்க, விசா கெடச்சவங்க. ஸ்தோத்திரம்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒன்னமாதிரி இன்னும் நடுவுல நிக்கிறவங்களுக்கும் மைக்கக் குடுக்கணும்னு சபை போதகர் ஐயருகிட்ட சொல்லியிருக்கேன், யோசிக்கேன்னாரு. சங்கீதம் 88ல கடைசி வர ஒரு நன்றி வார்த்தை கூட கெடையாது, அழுகையோடயே முடியுது, அதையும் வேதத்துல வச்சிருக்காங்கல்லா. வாய் வரலன்னா அதையே வாசி, சொந்த வார்த்தை தேடாத.

நம்ம சபை அசன விருந்து இந்த வருஷம் நல்லா நடந்துச்சு, ஒங்க அம்மா வந்திருந்தாங்க, மூட்டு வலிதான், மத்தபடி நல்லாருக்காங்க. அத்தானோட டயாலிசிஸ் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய குடுத்துப் பாத்தியா? இல்லன்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில விசாரிச்சு சொல்லுதேன்.

சனிக்கெழம வாரேன், அத்தான்கூட நான் ஒக்காந்துக்கிடுதேன், நீ வீட்டுக்குப் போயி படுத்துத் தூங்கு. இளநி வாழப்பழம் எல்லாம் அவுகளுக்கு ஆகாதுன்னு தெரியும், வேற என்ன கொண்டாரலாம்னு டாக்டர்கிட்ட கேட்டு ஒரு மெசேஜ் போடு.